மாமூல்: அமலுக்கு உடன்பிறந்த சொல்

வைரம், தங்க நகைத் தொழிலுக்கான நடத்தை விதிகளை வகுக்கும் ரெஸ்பான்சிபிள் ஜுவல்லரி கவுன்சில், லஞ்சத்தோடு சேர்த்து இன்னொன்றையும் பேசுகிறது: ஃபெசிலிடேஷன் பேமென்ட். இதை ‘வசதிப்படுத்தல் கொடுப்பனவு’ என்று மொழிபெயர்த்தால் கணக்கருக்கும் புரியாது, பட்டறைக்காரருக்கும் புரியாது. விஷயம் எளிமையானது. ஓர் அதிகாரி எப்படியும் செய்தே ஆகவேண்டிய வேலையைச் சீக்கிரம் செய்யக் கொடுக்கும் சில்லறைத் தொகை. சுங்கத்தில் பார்சல் நகரவேண்டும், ஒரு முத்திரை விழவேண்டும், அதற்கு மேசைக்கடியில் ஐந்நூறு. நம்மூரில் இதற்குப் பெயர் மாமூல்.

சொல் அரபியிலிருந்து வந்தது. ‘அமல்’ என்றால் செயல், நடைமுறை. அதே வேரில் பிறந்த ‘மஃமூல்’ நடைமுறையில் இருப்பது, வழக்கமானது. ‘மாமூல் வாழ்க்கை’ என்று செய்தித்தாள் எழுதும்போது அந்தப் பழைய பொருள்தான். வழக்கமாகக் கொடுப்பது என்ற வழியில் பணத்துக்கும் அதுவே பெயராகிவிட்டது. சட்டம் ‘அமலுக்கு’ வருவதும் இதே வேர்தான். மதுவிலக்கு அமல்பிரிவுக்கும் மாமூலுக்கும் ரத்த உறவு உண்டு என்பதை அகராதி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

லஞ்சம் வடமொழி வழி வந்தது. ல தமிழில் மொழிமுதல் வராது என்பதால் இலஞ்சம் என்று எழுதுவது மரபு. இலங்கையில் இன்றும் அப்படித்தான். உலகின் வைரங்களில் பெரும்பகுதி பட்டை தீட்டப்படும் சூரத்திலும் இதே சொல்தான், ‘லாஞ்ச்’. குஜராத் அரசின் லஞ்ச ஒழிப்புத் துறைக்கு ‘லாஞ்ச் ருஷ்வத் விரோதி ப்யூரோ’ என்று பெயர். ருஷ்வத்தும் லஞ்சம்தான், அரபிச் சொல். ஒரே குற்றத்தை இரண்டு மொழியில் சொல்லித் திட்டுகிறார்கள்.

சரி, தமிழில் என்ன? தமிழ் விவிலியத்தில் ‘பரிதானம்’ இருக்கிறது, அதுவும் வடசொல். ‘கையூட்டு’ நல்ல சொல். வாய்க்குச் சோறு ஊட்டுவதுபோல் கைக்கு ஊட்டுவது. மாமூலுக்கு ‘வழக்கக் கையூட்டு’ என்று சட்ட ஆவணத்தில் எழுதலாம். ஆனால் ஊழியர் பயிற்சியில் மாமூல் என்றே சொல்லுங்கள், உடனே புரியும்.

இந்த வேறுபாடு வெறும் சொல் விளையாட்டு இல்லை. வெளிநாட்டு அதிகாரிகளுக்கு லஞ்சம் கொடுப்பதைத் தடுக்கும் அமெரிக்காவின் 1977 சட்டம் மாமூலுக்கு விலக்குத் தருகிறது. பிரிட்டனின் 2010 லஞ்சச் சட்டம் தரவில்லை. இந்தியாவில் ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு கொடுப்பவரும் குற்றவாளி. கட்டாயப்படுத்தி வாங்கினார்கள் என்றால் 7 நாளுக்குள் புகார் செய்யவேண்டும்.

அப்புறம் அன்பளிப்பு. பழந்தமிழில் பெரியோரைப் பார்க்கப் போகும்போது கொண்டுபோகும் பொருளுக்குக் கையுறை என்று பெயர். வைரத் தொழிலில் அந்தக் கையுறையின் அளவுதான் சிக்கல். ஒரு காரட் என்பது 0.2 கிராம். தீபாவளிக்கு வரும் காஜு கத்லி பெட்டியில், வெள்ளித்தாள் ஒட்டிய துண்டுகளுக்குக் கீழே, மடித்த ஒரு காகிதப் பொட்டலம் இருந்தால் பெட்டியின் எடை மாறியது கைக்குத் தெரியாது. அதனால்தான் ஒழுங்கான நிறுவனங்கள் அன்பளிப்புப் பதிவேடு வைத்து, யார், யாருக்கு, என்ன, எவ்வளவு மதிப்பு என்று எழுதச் சொல்கின்றன. இனிப்பு சரி, பணமோ கல்லோ கூடாது.

தரம் பார்க்கும் இடத்தில் இது இன்னும் கூர்மை. வைரத்தின் நிறத் தரம் ‘ஜி’யா, அதற்கு ஒரு படி மேலான ‘எஃப்’பா என்ற ஓர் எழுத்தில் விலை ஏறும். 2005-இல் நியூயார்க்கில், தரச்சான்றைக் கூட்டிப் போடப் பணம் வாங்கியதாக எழுந்த புகாரையடுத்து அமெரிக்க ரத்தினவியல் நிறுவனமான ஜிஐஏ நான்கு ஊழியர்களை நீக்கியது. அங்கே தரம் பிரிப்பவர் கைக்குக் கல் வரும் பெட்டியின் மேல் உரிமையாளர் பெயர் இருக்காது, பார்கோடு மட்டும்தான்.

மொழிபெயர்ப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பதிவேட்டில் அன்பளிப்பு என்ற தலைப்பில் தீபாவளிப் பெட்டி வரட்டும். ‘கொஞ்சம் கவனிங்க சார்’ என்று கேட்டு வாங்கியதை அதே பத்தியில் எழுதவேண்டாம்.