காய்ந்த ஓடைக்குள் நடக்கப் போகிறவர்களுக்கு

கடலூர், புதுச்சேரிப் பக்கம் பிள்ளைகளை வளைகுடாவுக்கு அனுப்பாத தெரு குறைவு. மகனோடு ரெண்டு மாசம் இருந்துவிட்டு வரலாம் என்று கிளம்பும் அப்பா அம்மாக்கள் சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரையெல்லாம் கணக்குப் பண்ணி வாங்கிக்கொண்டு போவார்கள். அங்கே போனதும் ஒரு வெள்ளிக்கிழமை மகன் காரில் ஏற்றிக்கொண்டு போய், மலை இடுக்கில் கூழாங்கல் கொட்டிக் கிடக்கும் காய்ந்த ஓடைக்குள் நாலைந்து மணி நேரம் நடக்க வைப்பான். ஓமனின் வாதி ஷாப், அமீரகத்தின் ஹத்தா என்று போட்டோக்கள் வரும். அவசர சிகிச்சைப் பிரிவில் ஒவ்வொரு கத்திரியிலும் வெயிலில் விழுந்தவர்களைப் பார்க்கிறவன் என்கிற முறையில், அந்த நடைக்கு எப்படித் தயாராக வேண்டும் என்பதை எழுதி வைக்கிறேன்.

நாம் பார்க்காத வெயிலா என்ற நினைப்புதான் முதல் ஆபத்து. நம் கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம், பத்து நிமிஷம் நடந்தாலே சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும், போதும் உட்கார் என்று உடம்பே சொல்லிவிடும். பாலைவனக் காற்றோ வேர்வையை வந்த வேகத்தில் உறிஞ்சிவிடும், சட்டை காய்ந்தே இருக்கும், ஆனால் வேகமாக ஏறி இறங்குகிறவர் உடம்பிலிருந்து மணிக்கு ஒரு லிட்டர்கூடப் போகலாம். விடுமுறையில் ஊருக்கு வந்த ஒரு தம்பி தன் போட்டோவைக் காட்டினார். கறுப்பு டீ-ஷர்ட்டில் அக்குள் தொடங்கி இடுப்பு வரை உப்பு வெள்ளை வெள்ளையாகக் கோடு போட்டிருந்தது. "எனக்கு வேர்க்கவே இல்ல சார்" என்றுதான் அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆகவே ஐந்து மணி நேர நடை என்றால் ஆளுக்கு நாலு லிட்டராவது தோளில் இருக்க வேண்டும், வழியில் குளம் இருக்கிறது என்று யாராவது சொன்னாலும் சரி. அப்புறம், வெறும் தண்ணீரையே மடமடவென்று குடித்துத் தள்ளக் கூடாது. ரத்தத்தில் சோடியம் இறங்கினால் தலைவலி, வாந்தி, குழப்பம், கடைசியில் வலிப்பு வரைக்கும் போகும். அதனால் உப்பும் சர்க்கரையும் கலந்த ஓஆர்எஸ் பொடியும் வேண்டும். பெரிய பாக்கெட் என்றால் ஒன்றை ஒரு லிட்டரில் முழுதாகக் கரைக்க வேண்டும், பாதிப் பாட்டிலில் கெட்டியாகக் கரைத்துக் குடிக்கக் கூடாது. கூடவே புளிசாதம், ஊறுகாய், வறுத்த முந்திரி எல்லாம் நல்லது.

தண்ணீர் இல்லாமல் மயங்குவதைப் பற்றியாவது நாலு பேர் பேசுகிறார்கள், ஓடையில் தண்ணீர் வருவதைப் பற்றி யோசிப்பதே இல்லை. 1997 ஆகஸ்ட் 12 அன்று அமெரிக்காவின் அரிசோனாவில் ஆன்டிலோப் கேன்யன் என்ற குறுகிய பாறை இடுக்குக்குள் வெள்ளம் புகுந்து 11 சுற்றுலாப் பயணிகள் இறந்தார்கள். மழை கொட்டியது சில மைல் தள்ளி, மேற்புறத்தில். வெறும் பாறையும் கெட்டித்துப் போன மண்ணும் மழையைக் குடிக்காது, பெய்ததெல்லாம் அப்படியே ஓடைக்கு வரும், பக்கச் சுவர்கள் நெருங்க நெருங்க அது உயர்ந்துகொண்டே போகும். இது நமக்குப் புரியாத விஷயமே இல்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த பிறகு, டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டார்கள், அந்தத் தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கி வந்து கடலூரின் கரையோர ஊர்களையும் பாகூர் பக்கத்தையும் மூழ்கடித்தது. அணைக்காவது எச்சரிக்கை வரும். பாலைவன ஓடைக்குள் இருக்கிறவருக்கு அதுவும் வந்து சேராமல் போகலாம்.

அதனால் நடக்கும் இடத்தின் வானிலையை மட்டும் பார்க்காதீர்கள், ஓடை எந்த மலையிலிருந்து வருகிறதோ அந்த மலைக்கும் பாருங்கள். வடக்கு ஓமனில் நடக்க இதமான குளிர் மாதங்களில்தான் மழையும் வரும், கோடையில் பிற்பகலில் ஹஜர் மலைமேல் திடீரென்று இடி மழை கட்டும். தெளிந்து ஓடிய நீர் கலங்கினாலோ, சுள்ளியும் சருகும் மிதந்து வந்தாலோ, மேலே எங்கோ லாரி உறுமுவதுபோல் கேட்டாலோ, பையைக்கூட விட்டுவிட்டுப் பக்கத்து மேட்டில் ஏறுங்கள். வந்த வழியே ஓடினால் தண்ணீர் முந்திவிடும்.

திரும்பும் நேரத்தை வீட்டிலேயே முடிவு செய்யுங்கள். மேலிருந்து பள்ளத்தாக்குக்குள் இறங்கும் பாதை என்றால் போவது சுலபம், ஏறி வருவதற்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் ஆகும், அதுவும் உச்சி வெயிலில். மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் தீர்ந்ததும் திரும்பிவிட வேண்டும், அழகான இடம் இன்னும் அரை மணி தூரம்தான் என்றாலும்.

சிறுநீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கிளம்ப வேண்டாம். முந்தின இரவு குடித்தவர் காரிலேயே இருக்கட்டும், இதை நான் கண்டிப்பாகத்தான் சொல்கிறேன். பழக வேண்டுமானால் பொம்மையார்பாளையம் பக்கம் மழை அரித்த செம்மண் பள்ளங்களில் தை மாசக் காலையில் நடந்து பாருங்கள், ஷூ கடிக்கிறதா, முழங்கால் தாங்குகிறதா என்பது தெரிந்துவிடும்.

கூட வந்தவர் சம்பந்தமில்லாமல் பேசினாலோ, எரிந்து விழுந்தாலோ, தள்ளாடினாலோ வெப்பத் தாக்கு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வேர்வை நின்றால்தான் வெப்பத் தாக்கு என்பது தவறு, உழைத்து விழுகிறவருக்கு வேர்த்துக்கொண்டே இருக்கலாம். பாராசிட்டமால் இந்தச் சூட்டைக் குறைக்காது. நிழலில் படுக்க வைத்து, துணியைத் தளர்த்தி, உடம்பு முழுக்க நனைத்து விசிறிக்கொண்டே இருங்கள், அந்த வறண்ட காற்றில் இது நன்றாகவே வேலை செய்யும். குழப்பத்தில் இருப்பவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். அவசர அழைப்புக்கு ஓமனில் 9999, அமீரகத்தில் ஆம்புலன்ஸுக்கு 998. இடுக்குக்குள் சிக்னல் கிடைக்காது, ஒருவர் விசிற இன்னொருவர் மேடேறிப் போன் செய்ய வேண்டியிருக்கும், அதனால் மூன்று பேருக்குக் குறைந்து போகாதீர்கள், எத்தனை மணிக்குள் திரும்புவோம் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.