காய்ச்சல் வந்தால் அசிட்ரோமை நிறுத்தலாமா?

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "அம்மாவுக்கு ரத்தம் சீக்கிரம் உறையும் கோளாறு. காலில் ரத்தக்கட்டி வந்ததிலிருந்து அசிட்ரோம் சாப்பிடுறாங்க. இப்போ வைரஸ் காய்ச்சல். சரியாகும்வரை மாத்திரையை நிறுத்திடலாமா சார்?"

அசிட்ரோம் ரத்தம் உறைவதை மட்டுப்படுத்தும் மாத்திரை. நீங்களாக நிறுத்தாதீர்கள். மாத்திரை எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் இன்றே சொல்லி, ஐ.என்.ஆர். பாருங்கள்; ரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் பரிசோதனை அது, எண் ஏறினால் கசியும் ஆபத்தும் ஏறும். ஈறிலோ சிறுநீரிலோ ரத்தம் தெரிந்தால், மலம் கறுத்துப் போனால் நேராக ஆஸ்பத்திரிக்கு.

ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களைக் கல்லீரல் செய்கிறது. இது பள்ளிப் பாடம்தான். அவற்றில் 2, 7, 9, 10 என்று எண்ணிட்ட நான்கும் செய்து முடித்த உடனே வேலைக்கு ஆகாது. அவற்றின் ஒரு முனையில் உள்ள குளுட்டமிக் அமிலங்கள் ஒவ்வொன்றிலும் கார்பாக்சில் தொகுதி என்ற சிறு அணுக்கூட்டம் இன்னொன்று ஏற வேண்டும். ஏறியதும் அங்கே இரண்டு எதிர்மின்சுமைகள் நண்டுக் கொடுக்குபோல விரிந்து நிற்கும்; நடுவில் கால்சியம் வந்து சிக்கும். கால்சியத்தைப் பிடித்த புரதம்தான் காயம்பட்ட இடத்துத் தட்டணுவின் (பிளேட்லெட்) மேல் ஒட்டும். மற்றவை ரத்தத்தோடு சும்மா சுற்றும். கார்பாக்சிலை ஏற்ற வைட்டமின் கே வேண்டும், ஏற்றும்போதே அது செயலிழந்தும் போகும். உடலில் அதன் இருப்போ கொஞ்சம். அதனால் ஒரு நொதி அதைச் சரிசெய்து திரும்பத் திரும்ப வேலை வாங்குகிறது. எவ்வளவு சிக்கனம்! அசிட்ரோமும் அதன் உறவு மருந்தான வார்ஃபரினும் மறிப்பது அந்த நொதியைத்தான்.

கெட்டுப்போன குளோவர் தீவனத்தைத் தின்ற மாடுகள் ரத்தம் கசிந்து செத்தது ஏன் என்று 1930-களில் அமெரிக்காவின் விஸ்கான்சினில் துருவியதில் கிடைத்த மருந்துக் குடும்பம் இது. 'இதனால் என்ன பயன்' என்று முதல் பக்கத்திலேயே கேட்கும் நம் ஆராய்ச்சி நிதிக் குழுக்கள் மாட்டுத் தீவனத்துக்குக் காசு கொடுத்திருக்குமா, சந்தேகம்தான்.

சரி, காய்ச்சல். வாய் கசந்து, கஞ்சியும் ரஸ்கும்தான் இறங்கும், முருங்கைக்கீரை நின்றுவிடும். வைட்டமின் கே வரத்து குறைய, மாத்திரையின் மறிப்பு மட்டும் அப்படியே இருக்கும். காய்ச்சல் உறைபுரதங்களை வேகமாகக் கரைக்கவும் செய்யும். பலருக்கு 2-க்கும் 3-க்கும் இடையில் வைத்திருக்கும் ஐ.என்.ஆர். இதனால் எகிறலாம். நாளுக்கு 2 கிராமுக்குமேல் பாராசிட்டமாலைச் சில நாள் தொடர்ந்து போட்டாலும் ஏறும். வைரஸை ஒன்றும் செய்யாத ஆன்டிபயாடிக்கை மெடிக்கலில் கேட்டு வாங்குவது இன்னும் மோசம். மெட்ரோனிடசோல், கோட்ரைமாக்சசோல் போன்றவை கல்லீரல் இந்த மருந்தைச் சிதைப்பதையே தடுக்கும்.

அப்படியானால் நிறுத்தினால் என்ன? வைரஸை எதிர்க்கும் வெள்ளணுக்கள், உறைதலைத் தொடங்கிவைக்கும் திசுக்காரணி என்ற புரதத்தைத் தம் மேற்பரப்பில் நீட்டுகின்றன. தண்ணீர் குடிக்காமல் படுத்தே கிடக்கும் உடம்பில், அதுவும் ஏற்கெனவே உறையும் போக்குள்ள ரத்தத்தில், இது புது ரத்தக்கட்டிக்கு அழைப்பு. கொரோனா காலத்தில் இதை நிறையவே பார்த்தோம்.

"ஒரு ஊசி போட்டாத்தான் காய்ச்சல் விடும்" என்ற நம்பிக்கை ஆற்காட்டிலிருந்து ஆம்பூர்வரை உண்டு. அம்மாவுக்கு இடுப்பில் ஊசி வேண்டாம். தசைக்குள் ரத்தம் கசிந்து கட்டிக்கொள்ளும். உடம்புவலிக்கு டைக்ளோஃபெனாக், புரூஃபன் மாத்திரைகளும் வேண்டாம்.

டெங்கு என்றால் கணக்கு மாறும். தட்டணு 50,000-க்குக் கீழே போனால், தொடர்வதா நிறுத்துவதா என்று மருத்துவர் மறுபடி கணக்குப் போடுவார். ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பார்க்க வேண்டியவர்களைச் சில நாள் ஹெப்பாரின் என்ற உறைதடுப்பு ஊசி மருந்துக்கு மாற்றுவதும் உண்டு. அசிட்ரோமின் வேலை அடங்க நாட்கள் ஆகும். சொட்டாக ஏற்றும் ஹெப்பாரினை நிறுத்தினால் சில மணி நேரத்தில் அடங்கிவிடும்.