சுழலும் வட்டம் யாரைக் காட்டிக்கொடுக்கிறது?

படம் பாதியில் நின்றால் எல்லோருடைய கையும் முதலில் ரூட்டரைத் தேடித்தான் போகிறது. அணைத்துப் போடுகிறோம். சில நேரம் சரியாகிவிடுவதால் அந்த வைத்தியத்தின் மேல் நம்பிக்கை கூடிக்கொண்டே போகிறது. ஆனால் பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அதற்கு ரூட்டரைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. சர்வரிலிருந்து புறப்படும் ஒரு வீடியோ நம் கண்ணுக்கும் காதுக்கும் வந்து சேர்வதற்குள் பல கை மாறுகிறது. எந்தக் கை நழுவவிட்டது என்பதைக் கோளாறின் தோற்றமே பெரும்பாலும் சொல்லிவிடும். வட்டம் சுழல்வது, படம் மங்குவது, ஒலி சீராக வரும்போதே படம் மட்டும் திக்குவது, ஒலி கரகரப்பது ஆகிய நான்கும் வெவ்வேறு நோய்கள். ஒன்றின் மருந்து இன்னொன்றுக்கு உதவாது.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 1080பி என்று நாம் சொல்லும் படத்தின் ஒரு பிரேமில், அதாவது ஓடும் படத்தின் ஒரு நிலைப்படத்தில், 1920 × 1080, அதாவது 20,73,600 பிக்சல்கள் இருக்கின்றன. பிக்சலுக்கு 3 பைட் என்றால் ஒரு பிரேம் ஏறக்குறைய 62 லட்சம் பைட். பைட்டுக்கு 8 பிட், விநாடிக்கு 30 பிரேம் என்றால் விநாடிக்குச் சுமார் 150 கோடி பிட் வந்தாக வேண்டும். நமக்கு உண்மையில் வருவதோ 50 லட்சம் பிட் அளவில்தான். ஏறக்குறைய 300 மடங்கு சுருக்கம். ஒரு முழுப் படத்தை அனுப்பிவிட்டு, அதன் பிறகு எது மாறியது, எந்தப் பகுதி எந்தப் பக்கம் நகர்ந்தது என்ற குறிப்புகளை மட்டும் அனுப்புவதால்தான் இது முடிகிறது. அந்தக் குறிப்புகளைக் கொண்டு முழுப் படங்களைத் திரும்பக் கட்டி எழுப்பும் வேலை உங்கள் கணினியின் தலையில் விழுகிறது. ஆகவே இணையம் எவ்வளவு வேகமாக இருந்தாலும் கணினிக்கு மூச்சுத் திணறினால் படம் திக்கத்தான் செய்யும்.

இன்னொரு விஷயமும் தெரிந்திருக்க வேண்டும். வீடியோ ஒரே நீளக் கோப்பாக வருவதில்லை. சில விநாடி நீளமுள்ள துண்டுகளாக வெட்டப்பட்டு, ஒவ்வொரு துண்டும் பல தரங்களில் சர்வரில் காத்திருக்கிறது. ஆப்பிள் 2009இல் கொண்டுவந்த எச்எல்எஸ், 2012இல் சர்வதேசத் தரமாக வெளியான டாஷ் இரண்டும் இந்த முறையில்தான் இயங்குகின்றன. ஒவ்வொரு துண்டையும் கேட்பதற்கு முன் பிளேயர் இரண்டு விஷயங்களைப் பார்க்கிறது: முந்தைய துண்டுகள் எவ்வளவு வேகத்தில் வந்தன, இன்னும் எத்தனை விநாடிப் படம் கையிருப்பில் இருக்கிறது. அந்தக் கையிருப்புதான் பஃபர். அது குறையும்போது பிளேயர் அடுத்த துண்டை மட்டமான தரத்தில் கேட்டு வாங்கிக்கொள்கிறது. ஆகவே படம் மங்குவதைக் கோளாறு என்று சொல்வதுகூடச் சரியல்ல. படம் நின்றுவிடக் கூடாது என்று பிளேயர் செய்துகொள்ளும் சமரசம் அது. மட்டமான தரம்கூட நேரத்துக்கு வராமல் கையிருப்பு தீர்ந்துபோனால்தான் வட்டம் சுழலத் தொடங்குகிறது.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். யூடியூபில் ஓடிக்கொண்டிருக்கும் படத்தின் மேல் மவுஸின் வலது பொத்தானை அழுத்தினால் ஒரு பட்டியல் வரும். அதன் அடியில், ஆர்வலர்களுக்கான புள்ளிவிவரம் என்று ஒரு வரி இருக்கும். அழுத்தியதும் படத்தின் மூலையில் ஒரு கறுப்புப் பெட்டி விரிகிறது. உள்ளே இருக்கும் எண்களைப் பார்த்து மிரள வேண்டாம், இரண்டு போதும். ஒன்று, கையிருப்பு எத்தனை விநாடி என்பது. மற்றொன்று, வந்த பிரேம்களில் எத்தனை கைவிடப்பட்டன என்பது. கையிருப்பு 20, 12, 5 என்று சரிந்து பூஜ்யத்தைத் தொடுகிறதா? குற்றவாளி இணையப் பாதையில் இருக்கிறான். கையிருப்பு செழிப்பாக நிற்கும்போதே கைவிடப்பட்ட பிரேம்கள் ஏறிக்கொண்டே போகின்றனவா? ரூட்டரை விட்டுவிடுங்கள், குற்றவாளி கணினிக்குள்தான் இருக்கிறான். ஐந்து நிமிடம் இந்தப் பெட்டியைப் பார்ப்பது ஐம்பது முறை ரூட்டரை அணைத்துப் போடுவதைவிட மேல்.

இணையம்தான் என்று தெரிந்துவிட்டால் அடுத்ததாக எல்லோரும் வேகச் சோதனை செய்வார்கள். அதில் 100 மெகாபிட் என்று வரும். அப்படியிருந்தும் படம் ஏன் நிற்கிறது என்று குழப்பம் வரும். அந்தச் சோதனை அருகிலுள்ள ஒரு சர்வரோடு, ஒரே நேரத்தில் பல இணைப்புகளைத் திறந்து, சில விநாடிகளுக்கு மட்டும் அளக்கிறது. உச்ச வேகம் எவ்வளவு என்பதைத்தான் அது சொல்லும். வீடியோவுக்கு அவ்வளவு வேகம் தேவையில்லை. இடைவெளி விழாமல் வந்துகொண்டிருந்தால் போதும்.

இடைவெளி பெரும்பாலும் விழுவது வைஃபையில். ஒரே அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே மூன்று. அதே பட்டையில்தான் ப்ளூடூத்தும் இயங்குகிறது, மைக்ரோவேவ் அடுப்பும் கசிகிறது. யூஎஸ்பி 3.0 கருவிகளும் கேபிள்களும் இதே பட்டையில் இரைச்சல் எழுப்புகின்றன என்று இன்டெல் நிறுவனமே 2012இல் ஒரு அறிக்கை வெளியிட்டது. வைஃபை குச்சியைச் செருகிய துளைக்கு அடுத்த துளையில் வெளி ஹார்ட் டிஸ்கைச் செருகினால் இணைப்பு தள்ளாடுவதற்கு இதுவே காரணம். 5 கிகாஹெர்ட்ஸ் பட்டை விசாலமானது, ஆனால் சுவர்களைத் தாண்டும்போது சோர்ந்துவிடும். எது எப்படியிருந்தாலும், ரூட்டரிலிருந்து கணினிக்கு ஒரு கேபிளை இழுத்துப் பத்து நிமிடம் படம் பார்ப்பதைவிட நம்பகமான சோதனை கிடையாது. கேபிளில் சரியாக ஓடினால் குற்றம் காற்றுவெளியில்தான்.

கேபிளிலும் நிற்கிறது என்றால், வீட்டில் வேறு யாராவது ஏதாவது மேலேற்றுகிறார்களா என்று பாருங்கள். கைபேசி ஒன்று நூற்றுக்கணக்கான புகைப்படங்களைச் சேமிப்பகத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தால், மோடத்தின் வாசலில் தரவுப் பொட்டலங்கள் நீண்ட வரிசையில் நிற்கும். அடுத்த துண்டைக் கேட்டு உங்கள் பிளேயர் அனுப்பும் சிறு வேண்டுகோளும் அந்த வரிசையின் கடைசியில்தான் நிற்க வேண்டும். கணினி வல்லுநர் ஜிம் கெட்டிஸ் இந்த நோய்க்குப் பஃபர்புளோட் என்று பெயரிட்டுப் பரப்பினார். அந்த வரிசை நீளாமல் பார்த்துக்கொள்ள, 2012இல் கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் கோடெல் என்ற வரிசை மேலாண்மை முறையை வெளியிட்டார்கள். சில ரூட்டர்களில் எஸ்க்யூஎம் என்ற பெயரில் இப்படிப்பட்ட வசதி இருக்கும், முடுக்கிவிட்டால் போதும்.

படம் நன்றாக ஓடுகிறது, வீடியோ அழைப்பு மட்டும் அறுந்து அறுந்து வருகிறது என்று சொல்பவர்கள் உண்டு. இதில் முரண்பாடு எதுவுமில்லை. பதிவுசெய்த படத்துக்குப் பல விநாடிக் கையிருப்பு உண்டு; உரையாடலுக்கு அது கிடையாது. குரல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 150 மில்லி விநாடிக்குள் போய்ச் சேர்ந்தால்தான் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. தாமதமாக வந்த பொட்டலத்தால் அங்கே பயனில்லை, தூக்கி எறியப்படும்.

இனி கணினிக்குள் போவோம். சுருக்கத்தை விரிக்கும் முறைகளில் 2003இல் வந்த எச்.264க்கு ஏறக்குறைய எல்லாக் கணினிகளிலும் தனி மின்சுற்றே உண்டு. 2013இல் வந்த விபி9, 2018இல் வந்த ஏவி1 ஆகியவை இன்னும் கெட்டியாகச் சுருக்குகின்றன. அதற்குத் தகுந்தபடி விரிப்பதும் கடினம். ஏவி1ஐ விரிக்கும் சுற்று இன்டெல், என்விடியா சில்லுகளில் 2020இல்தான் இடம்பிடித்தது. அதற்கு முந்தைய கணினியில் அந்த வேலையைப் பிராசஸரே மென்பொருளாகச் செய்து தீர்க்க வேண்டும். மின்விசிறி இரைகிறது, பிரேம்கள் உதிர்கின்றன. விண்டோஸ் டாஸ்க் மேனேஜரில் கிராபிக்ஸ் பகுதியைத் திறந்து பாருங்கள்: வீடியோ விரிப்புக்கான வரைபடம் தரையோடு கிடக்க, பிராசஸர் மட்டும் 90 சதவீதத்தில் தவித்தால் விஷயம் அதுதான். உலாவியின் அமைப்புகளில் வன்பொருள் முடுக்கம் (விரிப்பு வேலையை அந்தத் தனிச் சுற்றிடம் ஒப்படைக்கும் வசதி) அணைந்திருந்தால் போடுங்கள். போட்டும் படம் சிதறினால் கிராபிக்ஸ் டிரைவரை, அதாவது கிராபிக்ஸ் சில்லை இயக்கும் மென்பொருளை, புதுப்பியுங்கள். பழைய கணினியில் 4கே பார்க்க அடம்பிடிப்பதில் பொருளில்லை, 1080பி போதும். முதல் கால் மணி நேரம் ஒழுங்காக ஓடி, அதன் பிறகு திக்கத் தொடங்கினால் அது சூடு. பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கிறது. காற்றுத் துளையில் அடைந்த தூசியைத் துடைப்பதே அங்கே சிகிச்சை.

ஒலியின் கதைதான் எனக்கு இவற்றில் மிகவும் பிடித்தது. கண் ஏமாளி, 30 பிரேமில் ஒன்று காணாமல் போனால் கவனிக்காது. காது அப்படியல்ல. சில மில்லி விநாடி இடைவெளி விழுந்தாலும் 'டக்' என்று கேட்டுவிடும். அதனால்தான் பெரும்பாலான பிளேயர்கள் ஒலியையே கடிகாரமாக வைத்துக்கொண்டு, படத்தை அதற்கேற்பப் பிடித்து வைப்பதும் கைவிடுவதுமாக ஓட்டுகின்றன. கணினி திணறும்போது பாட்டு சீராக வர, பாடுபவரின் உதடு மட்டும் தாவித் தாவிப் போவதன் ரகசியம் இதுதான்.

விநாடிக்கு 48,000 மாதிரிகள் (ஒலியின் அளவீடுகள்) கொண்ட ஒலியை 10 மில்லி விநாடித் துணுக்குகளாகக் கொடுத்தால், துணுக்குக்கு 480 மாதிரிகள். முந்தையது தீர்வதற்குள் அடுத்தது தயாராக இருக்க வேண்டும். பிராசஸர் 10 சதவீதம்தான் வேலை செய்கிறது என்றாலும் ஒலி கரகரக்கலாம், ஏனென்றால் இங்கே சராசரிக்கு மதிப்பில்லை. வைஃபை டிரைவரோ கிராபிக்ஸ் டிரைவரோ சில கணங்கள் பிராசஸரைத் தனக்கென்று பிடித்து வைத்துக்கொண்டால் போதும், துணுக்கு தவறிவிடும். விண்டோஸில் லேட்டன்சிமான் என்ற கருவி அந்த டிரைவரின் பெயரைச் சொல்லிக் கொடுக்கும்.

உதடும் குரலும் பொருந்தாமல் போவதிலும் ஒரு வேடிக்கை உண்டு. ஒலி 45 மில்லி விநாடி முந்தினாலே பார்வையாளர் கண்டுகொள்கிறார். பிந்தினால் 125 மில்லி விநாடி வரை தெரிவதில்லை என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் இன்னொரு பரிந்துரை கூறுகிறது. 30 மீட்டர் தள்ளி நிற்பவரின் குரல் நம்மை வந்தடைய ஏறக்குறைய 90 மில்லி விநாடி ஆகும். பிந்தி வரும் ஒலிக்கு மூளை பிறந்ததிலிருந்தே பழகியிருக்கிறது. ப்ளூடூத் ஹெட்ஃபோன்களின் தாமதம் இந்த எல்லையையும் சில நேரம் தாண்டிவிடும். அந்தத் தாமதத்தை ஹெட்ஃபோன் சரியாகத் தெரிவித்தால் பிளேயர் படத்தையும் அதே அளவு தாமதப்படுத்திக்கொள்ளும். தெரிவிக்காவிட்டால் உதடு ஒரு பக்கம், சொல் ஒரு பக்கம். ப்ளூடூத் ஒலி திடீரென்று தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிட்டால், ஏதோ ஒரு மென்பொருள் அதன் மைக்கைத் திறந்திருக்கிறது. மைக் திறந்ததும் இணைப்பு தொலைபேசித் தரத்துக்கு இறங்கிவிடும். மைக்காகக் கணினியின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுத்தால் இசை திரும்பிவிடும்.

ஒலியே வரவில்லையா? எச்டிஎம்ஐ கேபிளைச் செருகியதும் ஸ்பீக்கர் இல்லாத மானிட்டருக்கு ஒலி திருப்பிவிடப்பட்டிருக்கலாம். ஒலி வந்து திரை மட்டும் கறுப்பாக இருந்தால், நகல் தடுப்புப் பூட்டு பழைய கேபிளையோ அடாப்டரையோ திரைப்பதிவு மென்பொருளையோ சந்தேகப்படுகிறது. எந்தத் தளமுமே திறக்கவில்லை என்றால் கணினியின் தேதியைப் பாருங்கள். தேதி தவறினால் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாது.

இவை எதுவுமே இல்லாமல், கேமரா மெதுவாகப் பக்கவாட்டில் திரும்பும் காட்சிகளில் மட்டும் படம் தத்தித் தத்திப் போகிறது என்றால் அதற்கு இணையமும் பொறுப்பல்ல, பிராசஸரும் பொறுப்பல்ல. திரைப்படம் விநாடிக்கு 24 பிரேம்; திரை 60 முறை புதுப்பிக்கப்படுகிறது. 60ஐ 24ஆல் வகுத்தால் இரண்டரை. ஆகவே ஒரு பிரேம் 2 முறையும் அடுத்தது 3 முறையும் காட்டப்படுகிறது: ஒன்று 33 மில்லி விநாடி, மற்றொன்று 50. அமைப்புகளில் திரையை 120 ஹெர்ட்ஸுக்கு மாற்ற முடிந்தால் ஒவ்வொரு பிரேமுக்கும் சரியாக 5 முறை கிடைத்துவிடும்.