முட்டையைத் தாளிக்க முடியாது: 'டெம்பரிங்' என்றால் விளாவுதல்

"முட்டையைத் தாளித்து சூப்பில் சேர்க்கவும்." இந்த வாக்கியத்தை இனிமேலாவது யாரும் எழுதாமல் இருந்தால் நல்லது. கிரேக்க நாட்டு எலுமிச்சைக் கோழி சூப்புக்குத் தமிழில் வரும் செய்முறை எதை எடுத்தாலும் இது வந்து நிற்கிறது. போன கார்த்திகை மழையில் பக்கத்து வீட்டுத் தங்கச்சி கைபேசியை நீட்டி, "அக்கா, முட்டையைத் தாளிக்கணும்னு போட்டிருக்கு, கடுகை எப்பப் போடுறது?" என்று கேட்டாள். கப்பல் வேலையில் இருக்கும் அவள் வீட்டுக்காரர் பிரேயஸ் துறைமுகத்தில் அந்த சூப்பைக் குடித்துவிட்டு வந்து, அதே மாதிரி வேண்டும் என்றிருக்கிறார். அவள் கேட்டதில் தப்பே இல்லை. தாளிக்கச் சொன்னால் கீழக்கரையிலிருந்து தொண்டி வரைக்கும் எந்த வீட்டிலும் எண்ணெய்ச் சட்டியைத்தான் அடுப்பில் வைப்பார்கள். நான் பதில் சொல்லுமுன் அவளும் வைத்தாள். முட்டை எண்ணெயில் பொரிந்து, கோழிச் சாற்றின் மேல் பொடிமாஸாக மிதந்தது. அவளுக்குச் சமையல் தெரியும். குறிப்பை எழுதியவருக்குத்தான் சொல் தெரியவில்லை.

அந்த சூப்பின் பெயர் அவ்கோலெமொனோ. கிரேக்கத்தில் 'அவ்கோ' முட்டை, 'லெமோனி' எலுமிச்சை. லெமோனி என்பது பாரசீகம், அரபு, இத்தாலியம் என்று கை மாறி அங்கே போன சொல். இது ஒரு சூப்பின் பெயர் மட்டுமல்ல, முட்டையும் எலுமிச்சைச் சாறும் அடித்துச் சேர்க்கும் கெட்டிக் கலவைக்கே அதுதான் பெயர். கோழிச் சாற்றில் சேர்ப்பார்கள், மீன் சாற்றில் சேர்ப்பார்கள், ஈஸ்டருக்குச் செய்யும் ஆட்டுக்குடல் சூப்பிலும் சேர்ப்பார்கள். பெயரை அப்படியே வைத்துக்கொள்ளலாம். 'சூப்' என்பதையும் அப்படியே வைத்துக்கொள்ளலாம், ஆட்டுக்கால் சூப், நண்டு சூப் என்று நம் வாயில் பழகிவிட்ட சொல்லைப் பிடுங்கிவிட்டு 'வடிசாறு' என்று ஒன்றை நடுவதில் எனக்கு ஆர்வமில்லை. என் சண்டை, தமிழில் தாளிப்பு என்று மாற்றிவிடுகிற 'டெம்பரிங்' என்ற ஆங்கில வினையோடுதான்.

இதன் மூலம் லத்தீன் 'தெம்பெராரே'. அளவாகக் கலப்பது, மட்டுப்படுத்துவது என்று பொருள். அங்கிருந்து இரண்டு கிளை. போர்ச்சுகீசியத்தில் 'தெம்பெரார்' என்றால் உணவுக்கு உப்பும் மசாலாவும் சேர்ப்பது. நமக்கு எதிர்க்கரையில், இலங்கைச் சிங்களத்தில், எண்ணெயில் தாளித்து வதக்கியதைத் 'தெம்பராது' என்பார்கள், அது போர்ச்சுகீசியர் விட்டுப்போன சொல். இந்தியாவிலும் இலங்கையிலும் எழுதும் ஆங்கிலத்தில் நம் தாளிப்புக்கு 'டெம்பரிங்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. மேற்கத்தியச் சமையலறையில் அதே சொல்லுக்குப் பொருள் வேறு. சூடு தாங்காத ஒன்றை, சூடானதைக் கொஞ்சம் கொஞ்சமாக அதில் விட்டுச் சூட்டுக்குப் பழக்குவது. மொழிபெயர்ப்பவர் முதல் கிளையை மட்டும் பார்த்துவிட்டு, இரண்டாவது கிளையில் வந்த சொல்லுக்கும் தாளிப்பைப் போட்டுவிடுகிறார்.

தாளிப்பு பழைய தொழில். குறுந்தொகை 167ஆம் பாட்டில் குவளைக் கண்ணில் படிகிறதே ஒரு புகை, அந்தக் 'குய்ப்புகை' தாளிப்புப் புகைதான். கொதிக்கும் நெய்யும் வெடிக்கும் கடுகும் இல்லாமல் தாளிப்பு இல்லை. முட்டைக்கு அந்தச் சூடுதான் பகை. வெள்ளைக்கரு 60 டிகிரி செல்சியஸ் தாண்டினாலே இறுகத் தொடங்கும், மஞ்சள்கரு 65லிருந்து 70க்குள். கொதிக்கிற சாறு 100 டிகிரிக்குப் பக்கத்தில் நிற்கும். அதில் முட்டையை நேராகக் கொட்டினால் நூல் நூலாகத் திரிந்துவிடும். திரியாமல் காப்பதற்கென்றே இருக்கும் ஒரு வேலைக்கு, திரிய வைக்கும் வேலையின் பெயரை வைத்திருக்கிறோம்.

சரி, தாளிப்பு தப்பு என்று கண்டுகொண்ட சிலர் இன்னொரு சொல்லைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்: 'பதப்படுத்துதல்'. "முட்டைக் கலவையைப் பதப்படுத்தவும்." இதை எதிர்த்துத்தான் நான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பார்க்கக் கௌரவமான சொல், தமிழ்ச்சொல் போலவே இருக்கிறது என்று ஆட்கள் நம்பிவிடுகிறார்கள். பதம் நல்ல சொல். பாகுக்குக் கம்பிப் பதம் உண்டு, அரிவாளுக்குப் பதம் உண்டு, சோற்றுக்கு ஒரு சோறு பதம். ஆனால் 'பதப்படுத்துதல்' என்று நீட்டியவுடன் அது வேறு வீட்டுக்குக் குடிபோய்விட்டது. மண்டபத்திலோ பாம்பனிலோ கேளுங்கள், இறால் பதப்படுத்துவது என்றால் உரித்து, கழுவி, உறையவைத்துப் பெட்டியில் அடைப்பது. தோல் பதப்படுத்துவது என்றால் தோல் கெடாமல் ஆக்குவது. கெட்டுப்போகாமல் நாள்பட வைக்கும் வேலைக்கு அந்தச் சொல்லை ஊரே எழுதிக்கொடுத்துவிட்டது. இந்தக் கரையில் ஒருவரிடம் "முட்டையைப் பதப்படுத்து" என்றால் உப்பையோ ஐஸையோதான் தேடுவார். இரண்டு நிமிடத்தில் சூப்பில் கலந்து அப்போதே குடிக்கப்போகிற முட்டைக்கு அது எப்படிப் பொருந்தும்?

"பொருள் விரியட்டுமே, சொல்லுக்கு நாம்தானே பொருள் தருகிறோம்" என்பார்கள். விரியலாம், விரிந்த பிறகும் செய்கிறவருக்குக் கை என்ன செய்ய வேண்டும் என்று தெரிய வேண்டும். பதப்படுத்து என்ற சொல்லில் ஊற்றுவதும் இல்லை, கலப்பதும் இல்லை, சூடும் இல்லை. 'பக்குவப்படுத்துதல்' இன்னும் மோசம், உலகத்தில் உள்ள எந்தச் சமையல் வேலையையும் அதில் அடக்கிவிடலாம். 'வெப்பச் சமநிலைப்படுத்துதல்' என்றும் ஒருவர் எழுதியிருந்தார். அதை இயற்பியல் பாடத்துக்கு வைத்துக்கொள்ளட்டும், அகப்பையோடு நிற்பவரிடம் சொல்லக் கூடாது. வீட்டிலேயே ஒரு சொல் இருக்கும்போது இப்படிப் பட்டறை போட்டு அடிக்க வேண்டிய அவசியம் என்ன?

அந்தச் சொல் விளாவுதல். வெந்நீரும் தண்ணீரும் சேர்த்து உடம்புக்கு ஏற்ற சூட்டுக்குக் கொண்டுவருவதை இன்றும் அப்படித்தான் சொல்கிறோம். பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றும் பாட்டி, அண்டாவில் செம்பு செம்பாக விட்டு, கையால் ஒரு சுற்று அளைந்து, முழங்கையை நனைத்துப் பார்ப்பார். அந்தச் செம்பு, அந்தச் சுற்று, அந்தச் சரிபார்ப்பு மூன்றும் சேர்ந்ததுதான் விளாவுதல். அகராதியில் 'வளாவுதல்' என்ற வடிவமும் உண்டு. பக்கத்திலேயே 'அளாவுதல்' நிற்கிறது, "சிறுகை அளாவிய கூழ்" என்று குறளில் வருகிறதே, அதுதான். கலப்பது என்ற பொருள் மூன்றிலும் இருக்கிறது, சூட்டை மட்டுப்படுத்துவது விளாவுதலில் கூடுதலாக இருக்கிறது. லத்தீன் மூலத்தில் இருந்த இரண்டு பொருளும் ஒரே தமிழ் வினையில் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

குளியலறைச் சொல்லை அடுப்படிக்குக் கொண்டுவரலாமா என்று கேட்பவர்கள் ரசம் வைப்பவர்களிடம் கேட்கட்டும். புளித்தண்ணீர் கொதித்துப் பச்சை வாசம் போனதும் பருப்புத் தண்ணீர் விட்டு விளாவி, நுரை கூடும்போது இறக்கு என்பதுதான் அங்கே வழக்கம். கொதிக்க விட்டால் ரசம் கெட்டது. அவ்கோலெமொனோவுக்கும் அதே எச்சரிக்கை.

வலுவான ஒரு மறுப்பும் உண்டு. விளாவும்போது வெந்நீரின் சூட்டைக் குறைக்கிறோம், இங்கே முட்டையின் சூட்டைக் கூட்டுகிறோமே? உண்மைதான், ஆனால் சொல் திசையைச் சொல்லவில்லை, நடுவில் வந்து நிற்பதைச் சொல்கிறது. பச்சைத்தண்ணீர் வாளியில் வெந்நீரை விட்டாலும் விளாவியதுதான். திசை முக்கியம் என்பதால் வாக்கியத்தில் அதைச் சொல்லிவிட வேண்டும்: "சூடான சாற்றை முட்டையில் விட்டு விளாவவும்." இந்த ஒரு வரி இருந்தால் போதும்.

முழுச் செய்முறையும் அந்த ஒரு வரியைச் சுற்றித்தான். எலும்போடு முக்கால் கிலோ கோழி, வெங்காயம், கேரட், பிரிஞ்சி இலை, உப்பு, 2 லிட்டர் தண்ணீர். பிராய்லர் என்றால் முக்கால் மணி நேரம் சிறுதீயில், நாட்டுக்கோழி என்றால் கூடுதலாக வேகும். சாற்றை வடித்து, கறியை எலும்பிலிருந்து உதிர்த்து வையுங்கள். வடித்த சாற்றில் அரை கப் அரிசி போட்டுக் குழைய வேகவிட்டு அடுப்பை அணைத்துவிடுங்கள். இனித்தான் கவனம். குளிர்பெட்டியிலிருந்து முன்கூட்டியே எடுத்து வைத்த 3 முட்டையை நுரை வரும்வரை அடித்து, மூன்று நான்கு எலுமிச்சம்பழச் சாறு விட்டு மறுபடி அடியுங்கள். ஒரு கையால் அடித்துக்கொண்டே, மறு கையால் சூடான சாற்றை ஒரு அகப்பை, மெல்லிய தாரையாக விடுங்கள். அப்புறம் இன்னொன்று, இன்னொன்று. கிண்ணத்தின் வெளிப்பக்கம் தொட்டால் நல்ல சூடாக இருக்க வேண்டும், கலவை வெளுத்து வழவழவென்று இருக்க வேண்டும். அந்த நிலையில் அதைப் பானைக்கு மாற்றி, கறியைச் சேர்த்துக் கிளறினால், பால் சேர்க்காமலே பால் நிறத்தில் கெட்டிப்படும். வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் தொண்டைக்கு இதமாக இருக்கும். விளைமீன் தலையை வைத்துச் செய்தாலும் நன்றாகவே வருகிறது.

இந்தக் கரைக்காரர்களுக்கு இன்னொரு செய்தி. துருக்கியில் இதே முட்டை எலுமிச்சைக் கலவைக்குப் பெயர் 'தெர்பியே'. அரபியின் 'தர்பியா' தான் அது, பிள்ளையை வளர்த்து ஒழுங்குக்குக் கொண்டுவருவது. கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் சொற்பொழிவுகளில் கேட்டுப் பழகிய சொல். முட்டையைச் சூட்டுக்கு வளர்க்கிறார்கள் என்று துருக்கியர் சரியாகவே புரிந்து வைத்திருக்கிறார்கள்.

தாளிப்போடு நின்றால் பரவாயில்லை. கோழிச் சாற்றுக்கு ஆங்கிலத்தில் சொல்லும் 'ஸ்டாக்' என்பதைக் 'கோழிப் பங்கு' என்று எழுதுகிறார்கள். 'பே லீஃப்' என்ற பிரிஞ்சி இலை 'வளைகுடா இலை' ஆகிவிட்டது. சிறுதீயில் வைக்கச் சொன்ன இடத்தில் 'கொதிக்கவிடவும்' என்று போடுகிறார்கள். இயந்திரம் தருவதை எடுத்து, ஒருமுறைகூடச் சமைத்துப் பார்க்காமல் வெளியிடுகிறார்கள். எழுதுபவர் அடுப்படியில் ஒரு நாள் நின்றிருந்தால் இதில் ஒன்றும் நடந்திருக்காது. தனித்தமிழ் வேண்டும் என்று கேட்கவில்லை, 'ஸ்டாக்' என்றே எழுதினாலும் கடைக்காரருக்குக்கூடப் புரியும். தமிழ் எழுத்தில் இருந்துகொண்டு தப்பான வேலையைச் செய்யச் சொல்லும் சொல்தான் ஆபத்து.

சாக்லேட்டுக்குச் சொல்லும் 'டெம்பரிங்' வேறு. உருக்கி, ஆற்றி, மறுபடி கொஞ்சம் சூடேற்றிப் பளபளப்பும் உறுதியும் வர வைப்பது. அங்கே எதையும் விளாவுவதில்லை, 'பதம் ஏற்றுதல்' என்று எழுதலாம். இரும்புக்கும் அதுவே சரி. முட்டை, மோர், தேங்காய்ப்பால் என்று திரிந்துபோகும் எதற்கும் விளாவுதல். மிஞ்சிய சூப்பை மறுநாள் குடிப்பதற்கும் "சூடாக்கிப் பரிமாறவும்" என்று மொட்டையாக எழுதாமல், "கொதி வராமல், கிளறிக்கொண்டே சுடவைக்கவும்" என்று எழுதுங்கள்.