ஈரம் வடித்த கிண்ணம்

புயலில் சாய்ந்த மரத்தின் பச்சைக் கட்டையைக் கடைசல் எந்திரத்தில் பூட்டி, அது சுழலும்போது உளியை வைத்தால், நாடா நாடாவாகச் சுருள்கள் பறப்பதோடு கடைபவரின் முகத்திலும் நீர் தெறிக்கும். கிண்ணத்தின் இறுதி வடிவத்தைத் தீர்மானிப்பதில் உளிக்கு இருக்கும் பங்கு அந்த நீருக்கும் உண்டு.

மரத்தின் உயிரணுக் குழிகளில் தேங்கிய நீர் வெளியேறும்போது எடை குறையுமே தவிர அளவு மாறாது. உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழ 30 சதவீதத்துக்குக் கீழே ஈரம் இறங்கிய பிறகுதான், உயிரணுச் சுவர்களோடு பிணைந்திருந்த நீர் விலகி மரம் சுருங்கத் தொடங்குகிறது. நார் ஓடும் நீளவாக்கில் இச்சுருக்கம் மிக அற்பம். நாருக்குக் குறுக்கே அதிகம். அதிலும் ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில், மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. ஆகவே 30 செ.மீ. விட்டத்தில் வட்டமாகக் கடைந்த கிண்ணம் குறுக்கே 5 சதவீதம் சுருங்கினால், அந்தத் திசையில் மட்டும் ஒன்றரை செ.மீ. குறுகி முட்டை வடிவம் கொள்ளும்.

வெடிப்புக்கும் இதுவே காரணம். மேற்பரப்பு முந்தி உலர்ந்து சுருங்க முயல, ஈரமான உட்பகுதி இடம் கொடுக்காததால் நார்கள் பிளக்கின்றன. கட்டையின் நடுத்தண்டை விலக்கி அறுப்பதும், வெட்டுமுகத்தில் மெழுகு பூசுவதும் இந்த இழுபறியைத் தணிக்கவே. சுவரை ஐந்தாறு மில்லிமீட்டருக்கு மெலிதாகக் கடைந்துவிட்டால் ஈரம் சீராக வெளியேறுவதால், கிண்ணம் பெரும்பாலும் வெடிக்காமல் வளைந்து கொடுக்கும். அந்தக் கோணலைக் குறையாகக் கருதுவோர், விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு தடிமன் விட்டு, மாதக்கணக்கில் உலரவைத்து, மீண்டும் வட்டமாகக் கடைகிறார்கள். எனக்கு அக்கோணலே அழகு. ஆனால் வெளிப்புறத்தில் ஆழமாகச் செதுக்க விரும்புபவருக்குத் தடித்த சுவரும் பொறுமையும் தேவை. (பழைய கட்டடத்து உத்தரம் ஏற்கெனவே உலர்ந்திருப்பதால் இவ்வளவு பாடு படுத்தாது, அதில் ஒளிந்திருக்கும் ஆணிதான் உளியின் முனையைப் பதம்பார்க்கும்.)

நீண்ட நாள் தரையில் கிடந்த கட்டையில் மையால் இழுத்ததுபோன்ற கருங்கோடுகள் தென்படும். அவை பூஞ்சைகள் தத்தம் பகுதியைக் காத்துக்கொள்ள எழுப்பிய கரிய நிறமியின் வேலிகள். கோட்டின் ஒரு பக்கம் மரம் உறுதியாகவும் மறுபக்கம் உளுத்தும் இருக்கக்கூடும் என்பதால், அங்கே ஒரே உளி ஓரிடத்தில் வழுக்கிச் சென்று, விரற்கடை தள்ளி நாரைப் பிய்த்தெடுக்கும்.