ஆப்பிள் கிரிஸ்ப்: பழமும் ஓட்ஸும் இருந்தால் போதுமா?

உணவு ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் இனிப்பு எவ்வளவு சாப்பிடுவீர்கள் என்று கேட்டால், மைசூர்பாகு, அல்வா, டீயில் போடும் சர்க்கரை எல்லாம் சொல்லிவிடுவார்கள். வீட்டு ஓவனில் செய்த ஆப்பிள் கிரிஸ்ப் மட்டும் கணக்கில் வராது. "அது பழம்தானே மேடம், மேலே ஓட்ஸ்" என்பார்கள்.

அமெரிக்க வீடுகளில் ஆப்பிள் அறுவடைக் காலத்தில் செய்கிற பண்டம் இது. நறுக்கிய பழத்தின் மேல் ஓட்ஸ், மைதா, வெண்ணெய், பழுப்புச் சர்க்கரை பிசிறித் தூவி ஓவனில் வைப்பார்கள். மாவு திரட்டும் வேலை இல்லை என்பதால் புதிதாக ஓடிஜி (சிறிய மின் ஓவன்) வாங்கியவர்களுக்கும் சுலபம். எனக்கும் மிகப் பிடிக்கும். என் கவலை அளவைப் பற்றித்தான்.

வழக்கமான ஒரு செய்முறையை எடுத்துக்கொள்வோம். ஒரு கிலோ ஆப்பிளோடு அரை கப் சர்க்கரை, மேல்கலவையில் ஒரு கப் பழுப்புச் சர்க்கரை. மொத்தம் ஏறத்தாழ 300 கிராம். ஆறு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 50 கிராம். பழத்தில் இயற்கையாக இருக்கும் சர்க்கரை இதில் சேராது. உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, தினம் 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு நாள் முழுவதற்குமான உச்ச வரம்பே 50 கிராம்தான். 25-க்குள் நின்றால் இன்னும் நல்லது. அதன் மேல் ஒரு கரண்டி ஐஸ்கிரீம் வேறு!

சரி, ஓட்ஸ்? ரத்தத்தில் கொலஸ்ட்ராலைக் குறைக்க, ஓட்ஸில் உள்ள பீட்டா குளுக்கான் என்ற கரையும் நார்ச்சத்து நாளுக்கு 3 கிராம் வேண்டும். கிரிஸ்ப்பில் ஆளுக்குக் கிடைக்கும் 15 கிராம் ஓட்ஸில் அது ஒரு கிராம்கூட வராது. வெல்லமோ நாட்டுச் சர்க்கரையோ போட்டாலும் ரத்தச் சர்க்கரை ஏறத்தான் செய்யும்.

நான் சொல்லிக்கொடுக்கும் அளவு இது. ஒரு கிலோ ஆப்பிள், தோலோடு. நார்ச்சத்தில் கணிசமான பங்கு தோலில்தான் இருக்கிறது. அதில் இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரை, ஒரு மேசைக்கரண்டி சோளமாவு (கார்ன்ஃப்ளோர்), எலுமிச்சைச் சாறு, பட்டைத்தூள். மேலே ஓட்ஸ் 100 கிராம், கோதுமை மாவு 50, வெல்லத்தூள் 50, குளிர்ந்த வெண்ணெய் 60, பொடித்த பாதாம் அல்லது வேர்க்கடலை ஒரு கைப்பிடி, சிட்டிகை உப்பு. விரல் நுனியால் பிசிறி, சிறு சிறு உருண்டைகளாகச் சேரும்போது நிறுத்துங்கள். வெண்ணெய் குறைந்தாலும் மொறுமொறுப்பு வர இந்த உருண்டைகளும் கடலையும்தான் காரணம். ஆளுக்குச் சேர்த்த சர்க்கரை 13 கிராம் அளவில் நிற்கும். கொடைக்கானல் பேரிக்காய் கிடைத்தால் பாதிக்குப் பாதி கலக்கலாம்.

180 டிகிரியில் முன்கூட்டியே சூடாக்கிய ஓவனில் 40 முதல் 45 நிமிடம். மேலே பொன்னிறமானதும் எடுத்துவிடாதீர்கள். ஓரங்களில் சாறு கொதித்துக் குமிழி விட வேண்டும். அப்போதுதான் சோளமாவு இறுகும். சாதாரண மைக்ரோவேவில் பழம் வேகும், மேல்பகுதி மொறுமொறுப்பாகாது. கன்வெக்‌ஷன் (சூடான காற்றைச் சுழற்றும்) வசதி வேண்டும். கண்ணாடிப் பாத்திரத்தை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து நேரே சூடான ஓவனில் வைத்தால் விரிசல் விடும், உடையவும் கூடும்.

குழந்தைகள் உதவிக்கு நின்றால் இன்னொன்றையும் கவனியுங்கள். வேகாத மேல்கலவையை ருசி பார்க்க விடாதீர்கள். பச்சை மாவில் ஈ.கோலை, சால்மோனெல்லா கிருமிகள் இருக்கலாம். 2016-இல் அமெரிக்காவில் மாவு வழியாகவே ஈ.கோலை பரவிப் பலர் நோயுற்றார்கள். வெந்து வந்ததும் இருபது நிமிடம் ஆறவிடுங்கள். கொதித்த பழச்சாறு நாக்கைச் சுட்டுவிடும்.

சுகர் இருப்பவர்கள் பிரியாணிக்குப் பிறகு இதைச் சாப்பிட வேண்டாம். ஆப்பிளின் சொந்தச் சர்க்கரையே ஆளுக்கு 15 கிராமுக்கு மேல் வரும். சோறைக் குறைத்த ஒரு நாளில் அரைக் கிண்ணம் எடுத்து, இரண்டு மணி நேரம் கழித்துக் குளுக்கோமீட்டரில் பாருங்கள். மீந்ததை ஃபிரிட்ஜில் வைத்து மூன்று நாளுக்குள் முடித்துவிடலாம். ஓவனில் பத்து நிமிடம் சூடாக்கினால் மொறுமொறுப்பு திரும்பும். ஐஸ்கிரீமுக்குப் பதில் கெட்டித் தயிரோடு சாப்பிட்டுப் பாருங்கள், அந்தப் புளிப்பு இதற்கு நன்றாகவே சேர்கிறது.