பை கட்டும் முன் ஒரு வார்த்தை

ஏற்காட்டுக் காபித் தோட்டம் ஒன்றில், ஆய்வின் முதல் வருடம் 120 பைகள் கட்டினேன். மொட்டுள்ள கிளையை மெல்லிய துணிப் பையால் மூடினால் தேனீ நெருங்க முடியாது. பக்கத்துக் கிளையைத் திறந்தே விடுவோம். அரபிகா தன் மகரந்தத்திலேயே காய் பிடிக்கும் என்றாலும், தேனீ வந்தால் கூடுதலாகப் பிடிக்கும். அந்தக் கூடுதல் எவ்வளவு என்பதை இரண்டு கிளைகளின் காய்களையும் எண்ணித் தெரிந்துகொள்ளலாம். ஆய்வறிக்கையில் சூழல் சேவை என்று நாம் எழுதுவது இதைத்தான்.

மூன்றாம் நாள் போனால் பாதிப் பைகளைக் காணோம். களை எடுத்த அக்கா ஒருவர் அவற்றை அவிழ்த்து, மடித்து, மரத்தடியில் கல் வைத்து அடுக்கியிருந்தார். "மொட்டு புழுங்கிப் போயிருமேன்னு அவுத்தேன் தம்பி. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் ஏன் தொடப்போறேன்?" முதலாளியிடம் அனுமதி வாங்கிய நான், அந்த வரிசையில் தினமும் நடப்பவர்களிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. தப்பு என்னுடையதுதான்.

சரி, மறுபடி கட்டலாமே என்றால் முடியாது. மார்ச், ஏப்ரல் மழை விழுந்து ஏறக்குறைய பத்து நாளில் தோட்டம் மொத்தமும் வெள்ளையாகப் பூக்கும். மல்லிகை மாதிரி வாசம். இரண்டு மூன்று நாளில் எல்லாம் வாடிவிடும். சேலத்தில் ஒரு கையெழுத்துக்காகக் காத்திருந்த வாரத்தில் பூவையே தவறவிட்ட மாணவர்கள் இருக்கிறார்கள். மழை விழுந்த அன்றே போன் செய்ய மலையில் ஓர் ஆள் வேண்டும். அடுத்த வருடம் எனக்குப் போன் செய்தவர் அந்த அக்காதான்.

அந்த முறை முதலில் அவரோடு தோட்டத்தைச் சுற்றி வந்தேன். பழைய பலா மரப் பொந்தில் அடுக்குத் தேனீ இருப்பதைக் காட்டினார். சில்வர் ஓக் மட்டும் நின்ற பகுதியில் காட்ட ஒரு கூடும் இல்லை. மிளகு ஏற்றலாம், மரம் நல்ல விலைக்குப் போகும் என்று பலரும் சில்வர் ஓக்கை நடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பழைய மரங்களை வெட்டி நிழல் குறைந்தால் தண்டுத் துளைப்பான் பெருகும். வெயில் படும் தண்டின் பட்டை இடுக்கில் வண்டு முட்டையிடும், புழு உள்ளே குடையும், செடியைப் பிடுங்கி எரிக்க வேண்டியதுதான். மரம், தேனீ, வண்டு எல்லாம் ஒரே கணக்கு. என் ஆய்வுக் கேள்விப் பட்டியலிலோ பொந்து பற்றி ஒரு கேள்வி கூட இல்லை.

இந்த மலையின் மலையாளிப் பழங்குடி மக்களின் சாமைக் காடுகளுக்குப் போகும் இளம் ஆய்வாளர்களுக்கும், முதலில் அங்கிருப்பவர்களிடம் பேசுங்கள் என்றே சொல்கிறேன். "போன வருஷம் வந்தவங்களும் இதைத்தான் கேட்டாங்க, அப்புறம் ஆளையே காணோம்" என்று அங்கே கேட்டிருக்கிறேன். வனத்துறை அனுமதி, 2002ஆம் ஆண்டு உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டம் சொல்வது, இவற்றையெல்லாம் ஆய்வு வழிகாட்டி நினைவூட்டுவார். முடிவை ஒரு பக்கத் தமிழில் எழுதித் திரும்பக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்பதை யாரும் நினைவூட்டுவதில்லை.

நான் கொண்டுபோன பக்கத்தை அக்கா இரண்டு முறை படித்தார். "பலா நிக்கிற பக்கம் தனியா எண்ணுனீங்களா?" என்று கேட்டார். எண்ணவில்லை. வரும் மார்ச்சில் அங்கேதான் பை கட்டப்போகிறோம்.